காது குத்தாத காலணா

நீ என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தாய். ஒடுகத்தூருக்குப் போய் மல்லிகாவின் அப்பாவைப் பார்த்து, "என் பையனுக்குக் காய்ச்சலில்தான் காது போனது, பிறவியில் இல்லை" என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தாய். போனேன். அவர் வீட்டில் உட்கார்ந்தேன், காபி குடித்தேன். அந்த வார்த்தையைச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். உன் அம்மா யாரையாவது பிடித்து உனக்கு எழுதச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடிக்கும் வரை கோபத்தை ஒத்திவை. முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

நான் ஒடுகத்தூர் கிளம்பிய காலையில் உன் அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வர்றேன். பெத்தவ நான் சொன்னா நம்புவாங்க. நீ போனா காசைப் பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துனு நிப்ப" என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. சாமைச் சோற்றைத் தட்டில் போட்டு எனக்கு முன்னால் நகர்த்துகிறாள், அவ்வளவுதான். உப்புப் போதவில்லை என்றால்கூட யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் காது கேட்கிற இரண்டு பேரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம், நீ பார்த்தால் சிரிப்பாய்.

மல்லிகாவின் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் நம் மலையிலிருந்து இறங்கிப் போனவர்தான். கடலைமண்டி வைத்துக் காலூன்றியிருக்கிறார். வேலூரில் நீ அச்சுக் கோக்கிற அதே பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்கு மகளை அனுப்பியிருக்கிறார். அந்த மகள் வீட்டுக்கு வந்து, காது கேளாத ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னால் எந்த அப்பனும் இரண்டு நாள் சாப்பிட மாட்டான். அவர் சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நடுவில் வந்தது என்றால் பெண்ணைக் கொடுக்கிறேன், பிறவி என்றால் பேரப்பிள்ளைகளுக்கும் வரும், மாட்டேன் என்றார். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

எனக்கு ஏன் அந்த வார்த்தை வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் காசிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் காசு பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். ஏன் பார்க்கிறேன் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ விடுமுறைக்கு வரும்போது உன் அம்மாவும் நீயும் கையை ஆட்டி ஆட்டி உலகத்துக் கதையெல்லாம் பேசுவீர்கள். நான் உனக்குப் பொட்டுக்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற பஸ்ஸில் நான் கண்டக்டராகச் சேர்ந்தபோது, மலை ஜனங்கள் என்னிடம் எல்லா விதக் காசும் நீட்டுவார்கள். அணாக் காலம் போய் நயா பைசாக் காலமும் போன பிறகுகூட, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ராஜா தலை போட்ட காசை எடுத்து, "இது செல்லுமா சாமி?" என்பார்கள். செல்லாது. ஆனால் புளிமூட்டையோடு ஏறிய கிழவனை எந்த வளைவில் இறக்கிவிடுவது? என் கையிலிருந்து டிக்கெட்டுக்குப் போட்டுவிட்டு அந்தக் காசை நான் வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்ததில் சில காசுகள் கோணலாக இருந்தன. ராஜாவின் தலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பாதிக் காசு வெறுமையாக இருக்கும். ஒன்றில் எழுத்து இரண்டிரண்டாக விழுந்திருக்கும். ஒன்றில் முன்பக்கம் ராஜா தலை, பின்பக்கமும் அதே தலை, ஆனால் குழிவாக, இடம்வலம் மாறி. முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் அடுத்த காசின் மேல் விழுந்த குழி அது. நீ தலைகீழ் எழுத்துகளோடு பிழைக்கிறவன், உனக்கு இது பார்த்ததும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. வேலூரில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் பழைய காசு சேர்ப்பார் என்று டிரைவர் சொன்னதைக் கேட்டு, அந்தக் காசுகளைத் துண்டில் முடிந்துகொண்டு அவரிடம் போனேன்.

அச்சடிக்கும்போதே நடந்த பிழை வேறு, வெளியே வந்த பிறகு பட்ட அடி வேறு என்று அந்தப் பூட்டுக்கடை பாய்தான் பிரித்துக் காட்டினார். பிறகு யாராவது சுத்தியால் அடித்திருந்தால் செம்பு ஒரு பக்கம் நகர்ந்து கரை கட்டி நிற்கும், நகத்தால் தடவினால் தட்டும். அச்சிலேயே நடந்ததில் அந்தக் கரை இருக்காது. ஓரம் வெட்டுப்பட்ட காசு என்றால் வெட்டைப் பார்க்கக் கூடாது, அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விளிம்பு மங்கியிருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே குறைந்த தகடு. கூர்மையாக இருந்தால் பிற்பாடு எவனோ கத்தரித்தது. எல்லாவற்றுக்கும் முதலில், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். வெளிச்சம் இடம் மாறினால் மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும். கலசப்பாக்கம் சந்தையில் ஒருவர் ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசைக் கொண்டுவந்து, "அண்ணே, இது பொறப்புலயே இப்பிடிதான்" என்று என்னிடம் சத்தியம் செய்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பொறப்புல இல்லண்ணே, போளூர் ஸ்டேஷன்ல" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்ததில் அவரும் சிரித்துவிட்டார். சந்தேகம் இருக்கிற காசுக்கு நான் ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. என்னிடம் இருந்த ஒரே கௌரவம் அதுதான்.

இனி உன் காசுக்கு வருகிறேன். நீ பிறந்ததும் உன் இடுப்புக் கயிற்றில் கட்டுவதற்கு உன் தாய்மாமன் ஒரு பிடி ஓட்டைக் காலணா கொண்டுவந்தான். நடுவில் வட்ட ஓட்டை, ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் ஓட்டையைச் சுற்றி இலைமாலை. நம் மலையில் அப்போது அந்தக் காசு கட்டாத குழந்தை கிடையாது. உன் அம்மா ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோத்துக்கொண்டே வந்தவள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இலைமாலைக்கு நடுவே ஓட்டை இல்லை, மொழுமொழு என்று செம்பு. ஊசியின் ஓட்டையைக் காது என்கிற மாதிரி அவள் காசின் ஓட்டையையும் காது என்றுதான் சொல்வாள். "அண்ணே, இன்னா இது, இதுக்கு மட்டும் காது குத்தாம வுட்டுட்டாங்க" என்றாள். கயிற்றில் கோக்க முடியாததால் அதை உப்புப் பானைக்குப் பக்கத்தில் ஓர் உழக்கில் போட்டுவைத்தாள். உன் கதை யாருக்கும் தெரியாத நாளில் அவள் விளையாட்டாகச் சொன்ன சொல் அது. பிறகு அதை நினைத்து நினைத்து அவள் அழுதது எனக்குத் தெரியும்.

நீ பிறந்த அன்று நான் பஸ்ஸில் இருந்தேன். பிரசவம் பார்த்த அம்மாள் வழக்கப்படி உன் தலைமாட்டில் வெண்கலத் தட்டைத் தட்டியிருக்கிறாள். பிள்ளை பயந்தாங்கொள்ளி ஆகக் கூடாது என்று நம்மவர்கள் செய்கிற காரியம். நீ திடுக்கிட்டாய் என்பது உன் அம்மாவின் சாட்சி. நீ தவழ ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. மழையில் பாதையில் மண் சரிந்து பஸ் ஏறவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உன் மாமனும் நானும் மாற்றி மாற்றி அடிவாரம் வரை நடந்தோம். போளூரில் ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டாய். அடுத்த ஆடியில் உனக்குக் காது குத்தினோம். மாமன் மடியில் உட்காரவைத்து, பம்பைக்காரர்கள் உன் முகத்துக்குப் பக்கத்திலேயே அடித்தார்கள். நீ மாமனின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய். ஊசி இறங்கியதும்தான் வீறிட்டாய். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பம்பைக்காரனின் கையையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காய்ச்சலுக்கு முன்னால் நீ எதற்காவது திரும்பினாயா? நான் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன் முதல் பஸ்ஸுக்குப் போய், கடைசி பஸ்ஸில் திரும்புகிறவனுக்கு அந்த வயதுப் பிள்ளை தூங்குகிற பிள்ளைதான். உனக்குப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது காது டாக்டரிடம் காட்டினோம். "பொறவியாவும் இருக்கலாம், காய்ச்சலாவும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழிச்சுப் பாத்து சொல்ல முடியாதுங்க" என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அந்த உழக்குக் காசைப் பற்றிப் பாயிடம் ஒருநாள் சொன்னேன். ஓட்டை போடாமலே அச்சுக்குப் போய்விட்ட காலணாக்கள் உண்டு, ஆனால் ஆயிரம் பேர் ஓட்டையை அடைத்து ஏமாற்றுவார்கள், கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார் பாய். நான் மறுநாள் எடுத்துக்கொண்டு போவதாக வீட்டில் சொன்னேன். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பெரிய மனிதர் வீட்டுக்குப் போகிற பொருள் அழுக்காகப் போகலாமா என்று, முந்தின நாள் சாயங்காலமே புளியைக் கரைத்து ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டாள். புளி விளைகிற மலையில் பிறந்தவளுக்கு எது கிடைத்தாலும் புளி போட்டுத் தேய்த்தால்தான் தூக்கம் வரும். காலையில் புதுத் தாலிக்குண்டு மாதிரி தகதகவென்று என் கையில் வைத்தாள். எனக்கும் அது தப்பு என்று அப்போது தெரியாது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனேன்.

பாய் துணியைப் பிரித்தார். காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புளி போட்டீங்களா?"

"வூட்ல போட்டாங்க பாய். நல்லா இருக்குதா?"

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கண்டக்டர் சாப், எந்தக் காசுக்கும் அதோட கலருதான் சாட்சி. பிற்பாடு ஓட்டைய அடைச்சிருந்தா நடுவுல ஒரு கலர், சுத்தி ஒரு கலர் காட்டிக் குடுத்துரும். இப்ப எல்லாம் ஒரே கலரு ஆயிருச்சு. அந்தத் தோலு போச்சே" என்றார். தராசில் வைத்தார், ஓட்டைக் காசைவிடக் கனமாகத்தான் இருந்தது. கடைப்படியில் கருங்கல் மேல் போட்டார், ணங்கென்று சத்தம் வந்தது. இரண்டு தடவை போட்டுக் கேட்டார். "சத்தம் சரியாதான் இருக்குது. ஆனா சத்தத்த மட்டும் நம்பி நான் சொல்ல மாட்டேன். நெசமாவும் இருக்கலாம், நல்ல வேலைக்காரன் அடைச்சதாவும் இருக்கலாம். அல்லாவுக்குத்தான் தெரியும்" என்று மறுபடி துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பாய் ரொம்ப அழகாக இருக்கிறது என்றார் என்று சொன்னேன். இன்றுவரை அவளுக்கு அது தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

இப்போது நான் எழுதப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அந்தத் தட்டுச் சத்தத்தின் கதையை அவள் முதன்முதலில் என்னிடம் சொன்னபோது, "தட்டு தட்டனாங்க, புள்ள கைய ஒதறுச்சு" என்றுதான் சொன்னாள். தட்டின காற்றுப் பட்டுக்கூடக் குழந்தை கையை உதறும். காது குத்தினதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்ததும், "திடுக்குனு பாத்தான்" ஆயிற்று. டாக்டரிடம், "சத்தம் வந்த பக்கம் தலையத் திருப்பினான்" என்றாள். போன பொங்கலுக்கு யாரிடமோ, "திரும்பிப் பாத்து சிரிச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்த அன்றைக்கே சிரித்த பிள்ளை நீ ஒருவன்தான். ஒவ்வொரு தடவையும் அவள் மனதாரச் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக அவளும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். உள்ளே முதலில் இருந்த நிறம் என்ன என்று அவளுக்கே இனித் தெரியாது. ஒடுகத்தூருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகாததற்குக் காரணம் இதுதான். அவள் சொன்னால் அவர் நம்பிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

உனக்குக் கல்யாணம் நடந்தால், நடக்க வேண்டும், ஒன்று சொல்லிவைக்கிறேன். அந்தப் பெண் தன் வீட்டிலிருந்து மனதில் எதைக் கொண்டுவந்தாலும், பயமோ, கோபமோ, பழைய வருத்தமோ, அதை உடனே தேய்த்துப் பளபளப்பாக்கப் பார்க்காதே. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். எதனால் வந்தது என்று அதன் நிறத்திலேயே தெரியும். நானும் உன் அம்மாவும் இதைச் சரியாகச் செய்ததில்லை. எனக்கு வயது ஆகி, முட்டி மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் இதெல்லாம் தோன்றுகிறது.

என்னிடமும் ஒரு சாட்சி இருந்தது. ஒடுகத்தூர் போகும் வரை அதை யாரிடமும் சொன்னதில்லை. நீ காது கேளாத பிள்ளைகளின் பள்ளி விடுதிக்குப் போவதற்கு முந்தின இரண்டு வருஷம், எனக்குப் பகல் டூட்டி போட்டிருந்த நாட்களில் சாயங்காலம் வீடு வருவேன். நீ வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உன் பின்னால் வந்து நின்று, சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதுவேன். பஸ்ஸையே நிறுத்துகிற விசில். பக்கத்து வீட்டு ஆடுகள் எல்லாம் தலைதூக்கும். உன் அம்மா உள்ளேயிருந்து, "வந்துட்டாரு தொரை, புள்ளய நிம்மதியா வுடமாட்டாரு" என்பாள். பல நாள் நீ கொட்டைகளை அடுக்கிக்கொண்டே இருப்பாய். ஆனால் சில நாள் திரும்பினாய். சத்தியமாகத் திரும்பினாய். திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாய். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்காது. கொஞ்சமாவது கேட்கிறது, அப்படியென்றால் முழுதாக இருந்து பிற்பாடு தேய்ந்ததுதான், பிறவி இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொள்வேன். மறுநாள் ஊதுவேன், திரும்ப மாட்டாய். இருந்தாலும் ஊதினேன்.

ஒடுகத்தூரில் அவர் என்னை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். "சுத்தி வளைக்காம கேட்டுர்றேங்க. பையன் நல்ல பையன். கைல தொழில் இருக்குது. எம்பொண்ணும் ஒரே பிடிவாதமா நிக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்" என்றார். நான் நீ எழுதிக் கொடுத்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நொடி விட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர், "நீங்க காசு பாக்கறவராமே, மல்லிகா சொல்லுச்சு. அச்சடிக்கிற எடத்துலயே ஆன தப்பா, அப்பறம் கைபட்டு ஆனதான்னு பாத்த ஒடனே சொல்லிருவீங்களாம். தெரியாததச் சொல்லமாட்டீங்களாம். அந்த மாதிரி உங்க புள்ளைக்கும் சொல்லிருங்க. நீங்க சொன்னா நான் வேற யாரையும் கேக்கப் போறதில்ல" என்றார்.

உன்னைக் காசோடு சேர்த்துப் பேசினாரே என்று நீ வருத்தப்படாதே. அவர் கள்ளமாகச் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் சொன்னார், அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் தட்டுச் சத்தத்தைச் சொன்னேன், உன் அம்மா சொன்ன முதல் விதத்தில். காய்ச்சலைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். விசிலையும் சொன்னேன். "சில நாள் ஊதினா திரும்புவான். அதனால கேட்டிருக்கும்னுதான் எனக்கு நெனப்பு. ஆனா நிச்சயமா தெரியலைங்க" என்றேன்.

"பெத்த அப்பனுக்கே தெரியலன்னா வேற யாருக்குங்க தெரியும்?" என்றார் அவர்.

 காபித் தம்ளரைக் கீழே வைத்தேன். அவரே, "யோசிச்சு சொல்லி அனுப்பறேன்" என்றார். கிளம்பும்போது தன் மண்டிக் கடலையில் ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தார். மல்லாட்டை கொடுத்தால் சரி என்று அர்த்தமா, போய்வாருங்கள் என்று அர்த்தமா? அதையே யோசித்துக்கொண்டு செருப்பை மாட்டியதில் பையை அவர் வீட்டு வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மல்லிகா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வெச்சிட்டு வந்துட்டீங்க மாமா" என்றாள். மாமா என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம், "மன்னிச்சிரும்மா, நான் காரியத்தைக் கெடுத்துட்டேன்" என்றேன். அவள் பையை என் கையில் மாட்டிவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள். பிறகு சொன்னாள். "உள்ள இருந்து கேட்டுனு இருந்தேன் மாமா. அந்த விசிலப் பத்தி உங்க புள்ள என்கிட்ட சொல்லியிருக்காரு. சாயங்காலம் நீங்க பின்னால வந்து நிப்பீங்களாம், உங்க நெழலு அவரு முன்னாடி கொட்டை மேல வந்து விழுமாம். நெழலப் பாத்துதான் நீங்க வந்துட்டது தெரியுமாம். திரும்பனா நீங்க சிரிப்பீங்களாம். தெனமும் திரும்பனா கண்டுபுடிச்சிருவீங்கன்னு அப்பப்ப திரும்புவாராம்."

நான் அங்கேயே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நம் வாசல் மேற்குப் பார்த்தது, நீ வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். சாயங்கால வெயில் எனக்குப் பின்னாலிருந்துதான் வரும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்காமல் ஒரு காலணாவைப் பற்றிக்கூட நான் பேசியதில்லை. உன் பின்னால் இரண்டு வருஷம் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை. டவுசர்கூட நிற்காத வயதில் நீ என் மேல் இரக்கப்பட்டுத் திரும்பியிருக்கிறாய். நான் அதை வைத்துக்கொண்டு உனக்குக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"உங்கப்பாகிட்ட இத சொல்லிருவியாம்மா?" என்று கேட்டேன்.

"அப்பா என்கிட்ட கேக்கல. கேட்டா சொல்லுவேன்" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லியா? நாளைக்கு உனக்குப் பொறக்கறதும் இப்பிடியே பொறந்தா இன்னா பண்ணுவ?"

"இன்னா மாமா பண்றது? எனக்குதான் அந்தக் கைப்பேச்சு தெரியுமே" என்றாள்.

பிரஸ்ஸில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்குமா அவள்? அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். உன் அம்மா எழுத்துத் தெரியாதவள், அவளும் கற்றுக்கொண்டாள். நான் மட்டும் உன் காதுக்கு அது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், அவன் என்னைப் பற்றிப் பேசும்போது கையில் என்னவென்று சொல்வான் என்று. அவள் இரண்டு விரலைச் சேர்த்து உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். விசில். நீ ஒருநாளும் கேட்டிராத விசில், அதுதான் உனக்கு அப்பா.

அதற்குப் பிறகு பஸ் வந்து நின்று கண்டக்டர் விசில் ஊதியிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. மல்லிகாதான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். வேலூரில் இறங்கினேன். உன் பிரஸ் நடந்து போகிற தூரம்தான். தெருமுனை வரை வந்தேன். சன்னல் வழியே நீ எழுத்துப் பெட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வந்து உன் முன்னால் நின்று என்ன சொல்வது, எந்தக் கையால் சொல்வது? திரும்பிப் போளூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஒடுகத்தூரிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை. பஸ் வருகிற நேரத்துக்கெல்லாம் ரோட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். அவர் சரி என்று சொல்லவைக்க என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. பிறவியா நடுவில் வந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை. உனக்குக் கொடுக்க என்னிடம் உறுதியான வார்த்தை ஒன்றுகூட இல்லை. மல்லாட்டைப் பை பிரிக்காமல் மூலையில் கிடக்கிறது. உன் அம்மா அதைத் தொடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்று உன் பெயருக்கு நீங்கள் காட்டுகிற சைகையைச் செய்து பார்த்தேன். மோதிர விரல் வாதத்தில் மடங்க மாட்டேன் என்கிறது. உன் அம்மா பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து அந்த விரலைப் பிடித்து மடக்கிவிட்டுப் போனாள். ஆடிக்கு நீ வருவாய் அல்லவா? நான் தப்புத் தப்பாகச் செய்வேன், பொறுத்துக்கொள். இந்தத் தடவை உன் பின்னால் வந்து நிற்க மாட்டேன். சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறேன்.